ஓவியம் படித்துவிட்டு ஓவியத்தாலேயே வாழ முடியுமா? அட்டைப்பட வேலை, உரிமை, வருமானம் குறித்து

காவிரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் வண்ணக்கலைப் பிரிவில் இளங்கலைப் பட்டம் முடித்து ஓராண்டுக்கு மேலாகிறது. இந்தக் காலத்தில் சென்னையிலும் கோவையிலும் உள்ள பதிப்பகங்களுக்கு நூல் அட்டைகள், ஒரு சிறுவர் நூலுக்கு உள்படங்கள், ஊரில் உள்ள உணவகங்களுக்குச் சுவரோவியம், திருமணப் பரிசாகக் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு உருவப்படம் என்று கிடைத்த வேலைகளையெல்லாம் செய்துவருகிறேன். வேலை இல்லாமல் இல்லை. ஆனால் மாதக் கடைசியில் வண்ணத்துக்கும் தாளுக்கும் கூரியருக்கும் போக மிஞ்சுகிற தொகையை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடிவதில்லை.

அண்மையில் நடந்த ஒன்று என்னை மிகவும் யோசிக்க வைத்துவிட்டது. ஒரு பதிப்பகத்துக்காக, நாவல் ஒன்றின் அட்டைக்கென நீர்வண்ணத்தில் ஆற்றங்கரைப் படம் ஒன்று வரைந்து கொடுத்தேன். பேசியபடி பணமும் வந்தது. சில மாதங்கள் கழித்து, அதே படத்தை இடவலமாகத் திருப்பி, வானத்தின் நிறத்தை மாற்றி, வேறொரு சிறுகதைத் தொகுப்பின் அட்டையிலும், அவர்களே வெளியிட்ட நாட்குறிப்பின் அட்டையிலும் பயன்படுத்தியிருந்ததைப் புத்தகக் காட்சியில் பார்த்தேன். ஓவியர் பெயர் எதிலும் இல்லை. கேட்டபோது, "படத்தைத்தான் காசு கொடுத்து வாங்கிவிட்டோமே, எதில் போட்டால் என்ன?" என்றார்கள். எங்களிடையே எழுத்தில் எதுவும் இல்லை. எல்லாம் வாட்ஸப் குரல் பதிவுகளாகவே பேசி முடித்தது.

அப்பா ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறார். ஓவிய ஆசிரியர் பணிக்கு முயல வேண்டும், அரசு வேலை ஒன்று கையில் இருந்தால் படம் எப்போது வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம் என்பது அவர் கருத்து. அதில் தவறிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த வேலை உண்மையில் எட்டக்கூடியதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. அட்டைப்படங்களை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியுமா, அந்த ஆற்றங்கரைப் படத்தின் மீது எனக்கு இன்னும் ஏதேனும் உரிமை இருக்கிறதா, இந்தத் துறையில் நிலைத்தவர்கள் முதல் சில ஆண்டுகளை எப்படிக் கடந்தார்கள் என்பதை அனுபவமுள்ள அண்ணன்மாரும் அக்காமாரும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முகப்புத்தாள்

அன்புத் தங்கைக்கு வணக்கம். சென்னையில் நீண்ட காலமாக நூல் வடிவமைப்பில் இருக்கிறேன். அந்த அளவில் சொல்கிறேன்.

அட்டைப்படத்துக்குக் கிடைக்கும் தொகை ஏன் உயரவே மாட்டேன் என்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. ஆஃப்செட்டில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிகள் ஒரே தடவையில் அச்சிட்டுக் கட்டுக்கட்டாகக் கிடங்கில் அடுக்கிய காலத்தில், ஓவியருக்குக் கொடுத்த தொகை அத்தனை பிரதிகளிலும் பங்கிடப்பட்டது. இப்போது பல பதிப்பகங்கள் தேவைக்கேற்ப அச்சிடும் பிஓடி முறைக்கு மாறி, முதலில் நூறோ இருநூறோ அடித்து, விற்ற பிறகு மீண்டும் அடிக்கின்றன. ஒரு பேச்சுக்கு அட்டைக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,000 பிரதிக்குப் பிரதி ஒன்றுக்கு 3 ரூபாய் விழுந்தது, 200 பிரதிக்கு 15 ரூபாயாகிவிடுகிறது. பதிப்பாளர் தயங்குவதற்கு இது உண்மையான காரணம். ஆனால் அவருடைய அச்சு முறை மாறியதற்கான விலையை ஓவியர் தலையில் கட்ட வேண்டும் என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. இதற்கு நான் கண்ட வழி, படத்தை விலைக்குக் கொடுக்காமல் பயன்பாட்டுக்குக் கொடுப்பதுதான். இந்த ஒரு நூலின் அட்டைக்கு மட்டும், இத்தனை ஆண்டுக்கு என்றால் ஒரு தொகை. நாட்குறிப்பு, சுவரொட்டி, மொழிபெயர்ப்புப் பதிப்பு என்று நீண்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தொகை. குறைவான தொகைக்கு ஒப்புக்கொள்ள நேர்ந்தால் உரிமையையும் அதற்கேற்பக் குறைத்துக் கொடுங்கள். பேரம் பேசுகிற பதிப்பாளர்களில் பலர் இதை மறுப்பதில்லை. இதுவரை யாரும் இப்படிக் கேட்காததால் அவர்களும் யோசித்ததில்லை, அவ்வளவே.

இன்னொன்று, மூலப் படம் உங்களிடமே இருக்கட்டும். பதிப்பகத்துக்கு வேண்டியது ஸ்கேன் செய்த கோப்பு மட்டுமே. நீர்வண்ண மூலத்தைச் சட்டமிட்டு விற்பது வேறு வியாபாரம். அந்த நாவலின் வாசகர்களிலேயே அதை வாங்க ஆள் இருக்கலாம்.

அடுத்து, படம் வரைவதோடு நின்றுவிடாமல் முழு அட்டையையும் முடித்துக் கொடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பக்க எண்ணிக்கை முடிவாகாமல் நூலின் முதுகின், அதாவது தாள்களைக் கட்டும் ஓரத்தின், அகலம் தெரியாது. 240 பக்க நூல் என்றால் 120 தாள். தாளின் கனம் 0.1 மில்லிமீட்டர் என்றால் முதுகு 12 மில்லிமீட்டர் வரும். கடைசி நேரத்தில் முன்னுரை ஒன்று சேர்ந்து பக்கம் கூடினால் முதுகு ஒரு மில்லிமீட்டர் நகரும். நீங்கள் முகப்பின் இடது ஓரத்தில் ஆசையாக வரைந்த மரம் முதுகுக்குள் மடங்கிப் போகும். நான்கு பக்கமும் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுவது, மெல்லிய நீர்வண்ணப் பூச்சுகள் ஸ்கேனில் வெளிறிவிடும் என்பதால் அவற்றைச் சற்று ஏற்றிக் கொடுப்பது, மேட் லேமினேஷன் போட்டால் நிறங்கள் ஒரு படி மங்கும் என்று முன்பே கணக்கில் எடுப்பது போன்றவை கல்லூரியில் வண்ணக்கலைப் பிரிவில் சொல்லித்தரப்படுவதில்லை. ஆனால் இவை தெரிந்த ஓவியரைத்தான் பதிப்பாளர் இரண்டாம் முறை அழைக்கிறார், ஏனெனில் அச்சகத்திலிருந்து இரவு பத்து மணிக்கு அவருக்கு அழைப்பு வராது.

செயற்கை நுண்ணறிவுப் படங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தி வானம், முதுகு காட்டி நிற்கும் பெண், பறக்கும் பறவைகள் என்ற வகை அட்டைகள் கணிப்பொறிக்குப் போய்விட்டன. அவை திரும்பி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் காவிரிக்கரை அக்ரகாரத் திண்ணை ஒன்று கேட்டால் அது கேரளத்து வீட்டையும் வடநாட்டுத் தலைப்பாகையையும் கலந்து கொடுக்கிறது. இடம் தெரிந்து வரைகிற கைக்கு இன்னும் தேவை இருக்கிறது. அது எவ்வளவு காலம் என்று கேட்காதீர்கள்.

கரும்பலகை

நான் விழுப்புரம் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஒன்றில் பகுதிநேர ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். உங்கள் அப்பா சொல்வதில் உள்ள அக்கறையை மதிக்கிறேன். என் அப்பாவும் இதையேதான் சொன்னார். ஆனால் அந்தப் பாதை இன்று எப்படி இருக்கிறது என்பதை அவரிடம் நேராக எடுத்துச் சொல்வது நல்லது.

2012-இல் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை முதலிய பாடங்களுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தது. வாரத்தில் மூன்று அரை நாள். மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். போராட்டங்கள், கோரிக்கைகள் என்று ஆண்டுகள் ஓடி, 2024-இல் அது 12,500 ரூபாயானது. மே மாதத்துக்கு ஊதியம் கிடையாது என்ற நிலையோடு குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள். முழுநேரச் சிறப்பாசிரியர் பணி என்பது வேறு. அதற்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2017-இல் போட்டித் தேர்வு நடத்தியபோது ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் ஆகிய நான்கு பாடங்களுக்கும் சேர்த்தே 1,325 இடங்கள்தான் இருந்தன. அதன் பிறகு நியமனங்கள் வழக்குகளில் சிக்கி இழுபட்ட கதை எங்களுக்கெல்லாம் மனப்பாடம். ஆகவே அதைக் கையில் இருக்கப்போகிற ஒன்றாகக் கருதி, வரும் வரை வேறெதுவும் செய்யாமல் காத்திருப்பது சரியல்ல. விண்ணப்பிக்கத் தேவையான தகுதிச் சான்றிதழை முடித்து வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்தால் எழுதுங்கள். அதற்கு மேல் அதற்குள் மனத்தைப் போட வேண்டாம்.

தனியார் பள்ளிகளின் நிலை சற்று வேறுபட்டது. மத்திய பாடத்திட்டப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியருக்கு இடம் உண்டு. ஆனால் ஆண்டு விழா மேடை, விளையாட்டு விழா வளைவு, முதல்வர் அறைச் சுவர், ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளின் கோலம் எல்லாமே ஓவிய ஆசிரியர் தலையில்தான் விழும் என்பதை அறிந்து சேருங்கள். என் அனுபவத்தில் பள்ளி ஊதியத்தைவிட, சனி ஞாயிறுகளில் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு நடத்தும் வகுப்பே எனக்கு நிலையான வருமானம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளின் ஓவியத் தாள்களுக்குப் பயிற்சி அளிக்கிறேன் என்று சொன்னால் பெற்றோர் நம்பி அனுப்புகிறார்கள். கும்பகோணம் அளவுள்ள ஊரில் இது நன்றாகவே நடக்கும். கையில் பட்டம் இருப்பதால் உங்களுக்குக் கூடுதல் மதிப்பும் உண்டு.

நீதிமன்ற வாசல்

வழக்கறிஞர் என்ற முறையில் ஆற்றங்கரைப் படத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இது பொதுவான விளக்கம்தான். வழக்குத் தொடுக்கும் எண்ணம் இருந்தால் ஆவணங்களோடு ஒருவரை நேரில் பாருங்கள்.

படத்தை வரைந்தவருக்கே அதன் பதிப்புரிமை என்பது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் பொது விதி. ஆனால் 17-ஆம் பிரிவு சில விலக்குகளை வைத்திருக்கிறது. அவற்றுள் ஒன்று, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணத்துக்காக எடுக்கப்படும் ஒளிப்படம், வரையப்படும் வண்ண ஓவியம் அல்லது உருவப்படம் போன்றவற்றில், மாறான உடன்பாடு இல்லாவிட்டால், கேட்டுப் பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்பது. ஓவியர்களில் பலர் இதை அறியாமலேயே எழுத்தில்லாமல் வேலை செய்துவருகிறார்கள். பதிப்பகம் இந்தப் பிரிவைத்தான் கையில் எடுக்கும். உங்கள் பக்கத்துக்கு வலுச் சேர்ப்பது "மாறான உடன்பாடு" என்ற சொற்களே. குறிப்பிட்ட நாவலின் அட்டைக்காக என்று அவர்கள் குரல் பதிவில் தெளிவாகச் சொல்லியிருந்தால், அந்தப் படம் அந்த ஒரு பயன்பாட்டுக்கு மட்டுமே என்று உடன்பாடு இருந்ததாக வாதிட இடமுண்டு. ஆகவே அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். தொலைபேசி மாற்றினாலும் பழையதைப் பத்திரமாக வைத்திருங்கள். மின்னணுப் பதிவுகளை உரிய சான்றிதழோடு நீதிமன்றத்தில் சான்றாக அளிக்கலாம்.

உரிமையே அவர்களுடையது என்று வைத்துக்கொண்டாலும், 57-ஆம் பிரிவின் கீழ் படைப்பாளிக்கென்று தனியே உரிமை உண்டு. பதிப்புரிமையை முழுவதுமாக எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும் அது போவதில்லை. இது நான் வரைந்தது என்று உரிமை கோரலாம். தன் மதிப்புக்கோ நற்பெயருக்கோ ஊறு விளைவிக்கும் வகையில் படைப்பைச் சிதைத்தால் தடுக்கலாம், இழப்பீடு கேட்கலாம். தில்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் அரசு பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டது. அவர் தொடுத்த வழக்கில் 2005-இல் தில்லி உயர் நீதிமன்றம், எஞ்சிய பகுதிகளை அவரிடமே ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. சிற்பத்தைப் பணம் கொடுத்துச் செய்வித்தது அரசுதான் என்பதைக் கவனியுங்கள். உங்கள் வழக்கில் படத்தைத் திருப்பிப் போட்டதும் வானத்தின் நிறத்தை மாற்றியதும் நற்பெயருக்கு ஊறு என்று மெய்ப்பிப்பது எளிதாக இராது. பெயர் போடாத குறைதான் வலுவான புள்ளி. முதலில் அறிவிப்பு, வழக்கு என்று போகாமல், மறுபதிப்புகளில் ஓவியர் பெயர் சேர்க்கவும் இரண்டு கூடுதல் பயன்பாடுகளுக்கும் தொகை தரவும் கேட்டு மரியாதையான கடிதம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

இனிமேல் செய்யப்போகும் வேலைகளுக்கு ஒன்று. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். அந்த எழுத்தில் கால அளவு குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இட எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. சிறுவர் நூல்களுக்கு வரைகிறீர்கள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் போன்ற தளங்களில் படங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகின்றன. பெயரைக் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும், வணிகத்துக்கும்கூட, அவற்றைப் பயன்படுத்தலாம். பல மொழிகளில் உங்கள் பெயர் பரவ அது நல்ல வாய்ப்பு. பின்னர் அந்தப் படத்தையே தனி உரிமையாக வேறொருவருக்கு விற்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டு அதில் இறங்குங்கள்.

கோட்டோவியன்

மேலே எழுதியவர்களிடமிருந்து நான் ஓரளவு வேறுபடுகிறேன். அட்டைப்பட வேலையைச் சிறப்பாகச் செய்வது எப்படி என்று எல்லோரும் சொல்கிறார்கள்; அதில் முழுதாக இறங்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. பத்து ஆண்டுகள் பிறர் கேட்டதை மட்டும் வரைந்த கை, ஒரு நாள் யாரும் எதுவும் கேட்காதபோது வெற்றுத்தாளின் முன் நின்றுவிடுவதை என் வகுப்புத் தோழர்களிடம் பார்த்திருக்கிறேன்.

பிழைப்புக்கு வேறு வேலை செய்வது இழுக்கல்ல. சென்னை ஓவியர்களின் வரலாறே அதுதான். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தபோது அதற்கு நிலம் வாங்கக் கொடையாளர் யாரும் வரிசையில் நிற்கவில்லை. மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற காசில்தான் அந்த ஓவியர்கள் நிலத்தை வாங்கினார்கள். பகலில் கைவினை, மிஞ்சிய நேரத்தில் ஓவியம் என்று தொடர்ந்தார்கள். கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே காந்தியைக் கோடுகளில் வரைந்தார், சிற்றிதழ்களுக்கும் வரைந்து கொடுத்தார். இன்னும் பின்னால் போனால், சென்னை ஓவியப் பள்ளியில் படித்த கொண்டையராஜு நாடகத் திரைச்சீலைகள் எழுதி, கோவில்பட்டியில் தங்கி, சிவகாசி நாட்காட்டிகள் வழியாகத் தமிழர் வீடுகளின் பூசையறைச் சுவர்களுக்குள் நுழைந்தார். அவரை ஓவியர் வரிசையில் வைக்கலாமா என்று விவாதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டிலும் அந்தப் படம் இருந்திருக்கும்.

நான் சொல்ல வருவது, பிழைப்புக்கான வேலை உங்கள் ஓவியத்திலிருந்து சற்றுத் தள்ளி இருக்கட்டும் என்பதே. பாத்திக் துணி பணிக்கர் வட்டத்தாரின் ஓவியத்தைத் தின்றுவிடவில்லை. நீங்களோ நீர்வண்ணத்தில் ஆற்றங்கரையை வரைகிறீர்கள். அதுதான் உங்கள் சொந்த வேலை என்றால், அதையே அட்டைக்கும் கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். சுவரோவியமோ எழுத்துருவோ பிழைப்புக்கு இருக்கட்டும், ஆற்றங்கரை உங்களுக்கு இருக்கட்டும்.

இந்த வயதில் விண்ணப்பிக்க வேண்டியவை சில உண்டு. மத்திய பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயதுக்குட்பட்ட இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை தருகிறது; ஓவியம், சிற்பம், அச்சோவியம் ஆகியவற்றுக்கும் அது உண்டு. 25 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு இளநிலை நல்கை மாதம் 10,000 ரூபாய். பணம் மாதா மாதம் வராது, தவணைகளாக வரும். அதை நம்பி வீட்டு வாடகைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமியின் வட்டார மையத்தில் அச்சோவியம், சுடுமண், சிற்பம் ஆகியவற்றுக்குக் கூடங்கள் இருக்கின்றன. சொந்தமாக ஓர் அச்சுப்பொறி வாங்கி வைக்க முடியாத நமக்கு அது பெரிய வசதி. அதைவிட, அங்கே பக்கத்து மேசையில் வேலை செய்பவரிடம் கற்றுக்கொள்வது அதிகம். கொச்சி பினாலே என்ற கலைக் கண்காட்சி நடக்கும்போது ஒரு முறை போய் வாருங்கள். மாணவர்களுக்கென்று தனிக் காட்சியே அங்கு நடக்கிறது. உங்கள் வயதுக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை.

முகப்புத்தாள்

கோட்டோவியன் ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கு வரைந்ததும் அவருடைய சொந்தக் கோடுதானே? அட்டைக்கென்று ஒரு கை, தனக்கென்று ஒரு கை என்று அவர் பிரித்து வைத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் அந்த இதழ்களை இன்றும் எடுத்துப் பார்க்கிறோம். கேட்டதை வரைவதா, தன்னுடையதைக் கொடுப்பதா என்பதுதான் கேள்வி. அட்டைப்படமா, சட்டமிட்டு மாட்டும் ஓவியமா என்பது அல்ல. தங்கை, நாவலை முழுதும் படிக்காமல் பதிப்பாளர் சொல்லும் ஒரு வரிச் சுருக்கத்துக்கு அட்டை வரைவதை நிறுத்துங்கள். பாதி வேறுபாடு அங்கேயே தெரியும்.

செட்டுவேலை

திரைப்படத்துறையை யாரும் சொல்லவில்லையே என்று சுருக்கமாக எழுதுகிறேன். தோட்டா தரணி, பி. கிருஷ்ணமூர்த்தி இருவரும் சென்னைக் கவின் கலைக் கல்லூரியிலிருந்து வந்த கலை இயக்குநர்கள்தாம்; அந்த வழி இன்னும் திறந்திருக்கிறது. கலை இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்ந்தால் முதலில் கிடைப்பது பென்சில் வேலையாக இராது. பழைய பேருந்துச் சீட்டு, 1970-களின் கடைப் பலகை, அரசாங்க அலுவலகத்துக் கோப்புக் கட்டு ஆகியவற்றைத் தேடி அலைவதுதான். புதுப் பலகையை ஒரே நாளில் இருபது ஆண்டுப் பழையதாக்கத் தேயிலைத் தண்ணீரையும் உப்புத்தாளையும் எங்கே, எவ்வளவு பயன்படுத்துவது என்று தெரிந்தவருக்கு இங்கே நல்ல மதிப்பு. படப்பிடிப்பு நடக்கும் நாள்களில் பேட்டா வரும். இரண்டு படங்களுக்கு இடையில் எதுவும் வராது. திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியில் இணைந்த சங்கத்தின் உறுப்பினர் அட்டை வாங்குவதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும். பெண்கள் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்றாலும் இரவு வேலையும் வெளியூர்த் தங்கலும் உண்டு; சேருவதற்கு முன் அந்தக் குழுவில் ஏற்கெனவே பணிபுரியும் பெண் ஒருவரிடம் பேசிவிட்டுச் சேருங்கள். அதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

காவிரிக்கரை

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. கரும்பலகை அண்ணன் எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் ஊதிய எண்களைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மாடியில் எத்தனை பிள்ளைகள் உட்கார முடியும் என்று அளக்கப் போய்விட்டார். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். பதிப்பகத்துக்குக் கடிதமும் அனுப்பப் போகிறேன்.

இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. அடுத்த வேலைக்கு ஒப்பந்தம் என்று நீண்ட தாளை நீட்டினால் சிறு பதிப்பாளர்கள் மிரண்டுவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். அதை எப்படிச் சுருக்கமாகக் கேட்பது? பணம் தருவதாகச் சொல்லி மாதக்கணக்கில் இழுத்தடிப்பவர்களை எப்படி அணுகுவது?

முகப்புத்தாள்

ஒப்பந்தம் என்ற பெயரே வேண்டாம். வேலையைத் தொடங்கும் முன் ஒரு மின்னஞ்சல் போதும். நான் அனுப்புவது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"ஐயா, தொலைபேசியில் பேசியபடி தங்கள் நாவலின் முதல் பதிப்பு அட்டைக்காக ஓவியம் ஒன்று வரைந்து தருகிறேன். இந்த நூலின் தமிழ் அச்சுப் பதிப்புக்கும் மின்னூலுக்கும் ஐந்து ஆண்டுகள் இதைப் பயன்படுத்தலாம். வேறு நூலுக்கோ பொருளுக்கோ பயன்படுத்த விரும்பினால் தனியே பேசிக்கொள்வோம். பதிப்புரிமையும் மூல ஓவியமும் என்னிடமே இருக்கும். உரிமைப் பக்கத்தில் அட்டை ஓவியம் என்று என் பெயர் வரவேண்டும். தொகையில் பாதி மாதிரிக் கோட்டுப்படத்தைத் தாங்கள் ஏற்றதும், மீதி இறுதிக் கோப்புக்கு முன்பும். மாதிரிப் படத்தில் இரண்டு முறை திருத்தம் செய்து தருவேன். இவை தங்களுக்கு ஏற்பு என்றால் 'சம்மதம்' என்று பதில் அனுப்புங்கள், வேலையைத் தொடங்குகிறேன்."

இதற்குச் சம்மதம் என்று ஒரு சொல் பதிலாக வந்தாலும், குரல் பதிவுகளை விட எவ்வளவோ மேல். மீதித் தொகை வரும் வரை நீர்க்குறியிட்ட சிறு கோப்பை மட்டும் அனுப்புங்கள். அச்சுக்கான பெரிய கோப்பு பணம் வந்த பிறகே.

நீதிமன்ற வாசல்

அந்தக் கடிதத்தில் குறையொன்றும் இல்லை. மின்னஞ்சலில் சம்மதம் வருவது, முழு உரிமையையும் விற்கவில்லை என்பதற்கு நல்ல சான்று.

இழுத்தடிப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் தளத்தில் ஆதார், பான் எண்களைக் கொண்டு உங்களைக் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டணம் கிடையாது, ஆகவே பணம் கேட்கும் இடைத்தரகர் தளங்களில் மாட்டிக்கொள்ளாதீர்கள். சேவை வழங்கும் தனிநபரும் பதிவு செய்யலாம். பதிவுக்குப் பிறகு செய்த வேலைக்கு, உடன்பாடு எதுவாக இருந்தாலும் 45 நாள்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்கென உள்ள மன்றத்தில் இணையவழியே முறையிடலாம். நடைமுறையில் அங்கே போகத் தேவை எழுவது அரிது. தொகை கேட்டு நீங்கள் அனுப்பும் பட்டியலின் அடியில் உத்யம் எண்ணும் 45 நாள் என்ற வரியும் இருந்தாலே பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவு அதைத் தனியே எடுத்து வைக்கும், ஏனெனில் காலம் கடந்து கொடுத்தால் அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் காட்டுவதில் அவர்களுக்குச் சிக்கல் வரும்.

வருமான வரிக் கணக்கையும் இந்த ஆண்டிலிருந்தே தாக்கல் செய்யுங்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும், சில நிறுவனங்கள் உங்கள் தொகையில் 10 விழுக்காடு வரை பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும். கணக்குத் தாக்கல் செய்தால்தான் அது திரும்பி வரும். ஜிஎஸ்டி பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம், ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது பார்த்துக்கொள்ளலாம். பதிப்பகத்துக்கு அனுப்பும் கடிதத்தின் வரைவைத் தனிச்செய்தியில் அனுப்பினால் பார்த்துத் தருகிறேன். மூன்று அட்டைகளின் ஒளிப்படங்களையும் உரிமைப் பக்கங்களின் ஒளிப்படங்களையும் சேர்த்தே அனுப்புங்கள்.